ப்ளேரைட்டின் வாலில் இருப்பது 'எழுது' இல்லை

நாடகாசிரியரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ப்ளேரைட்டை, 'எழுது' என்ற ரைட் போட்டு எழுதியதால் மதிப்பெண் போச்சு என்கிறீர்கள். ஊகம் நியாயம்தான், ஆனால் வால் வேறு. டபிள்யூ-ஆர்-ஐ-ஜி-எச்-டி என்று வரும் இந்த ரைட்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'செய்பவர்' என்று பொருள். கப்பல் கட்டுபவர் ஷிப்ரைட், சக்கரம் செய்பவர் வீல்ரைட். வண்டி செய்த வெயின்ரைட்டும் கார்ட்ரைட்டும் இன்று பெரும்பாலும் குடும்பப் பெயர்களாகத்தான் மிச்சம். ஆலையில் இயந்திரம் பொருத்தும் மில்ரைட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வேர், நமக்குத் தெரிந்த 'வொர்க்' தான். இந்த ரைட்டின் பழைய வடிவத்தில் ஆர் என்ற எழுத்து உயிரெழுத்துக்குப் பின்னால் இருந்தது. அப்புறம் முன்னால் தாவிவிட்டது. பேச்சில் மதுரை மருதையான கதை! வீட்டு கேட்டுக்குச் சொல்லும் 'ராட் அயர்ன்' இருக்கிறதே, அந்த ராட் கம்பி இல்லை. வொர்க்கின் பழைய இறந்தகால வடிவம். அதன் கடைசியிலும் அதே ஜி-எச்-டி.

1616இல் அச்சான, ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சனின் குறுங்கவிதைகளில் ப்ளேரைட் என்பது ஒரு நாடகக்காரனைக் குத்தும் பெயர். கௌரவம் பிறகு வந்தது.

ஒரு எச்சரிக்கை: நாடகம் எழுதும் கலையான ப்ளேரைட்டிங்குக்கு மட்டும் 'எழுது' ரைட்டே வழக்கம். காப்பிரைட்டில் டபிள்யூவே கிடையாது, அது 'உரிமை' ரைட்.