நிலத்தை விற்காதீர்கள், விலங்கியலில் சேர்த்துவிடுங்கள்

அம்மா, மகளுக்கு இரண்டாம் முறையும் நீட்டில் இடம் கிடைக்காத வருத்தம் புரிகிறது. ஆனால் ஆறுதல் பேசிக்கொண்டிருந்தால் கல்லூரி விண்ணப்பத் தேதி போய்விடும்.

உங்கள் கொழுந்தனார் சொல்கிறார் என்று நிலத்தை விற்று அவளை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்பாதீர்கள். அங்கே பட்டம் வாங்கினாலும், இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிய முடியும். தேறாவிட்டால் நிலமும் இருக்காது, தொழிலும் இருக்காது. "வேறெது படித்தாலும் ஒட்டுண்ணியாக வீட்டோடு கிடப்பாள்" என்று அவள் காதுபடவே பேசியிருக்கிறார். வளரும் பிள்ளையிடம் பேசும் பேச்சா அது? இன்னோர் உயிரின் உடலில் தங்கி, அதற்குக் கேடு செய்து பிழைப்பதுதான் ஒட்டுண்ணி. பேன், நாடாப்புழு, ஆட்டுக் காதில் கடித்துத் தொங்கும் உண்ணி எல்லாம் அந்த வகை. பெற்றவர் வீட்டில் இருந்து படிக்கும் பெண்ணை அப்படிச் சொல்வது அநியாயம்.

அவள் நோட்டைப் பார்த்தீர்களா? உங்கள் வீட்டு ஆட்டிலிருந்து எடுத்த உண்ணியை லென்ஸ் வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். வளர்ந்ததற்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறு கால் என்று ஓரத்தில் குறிப்பு. தானே எண்ணி எழுதியது.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்த்துவிடுங்கள். செலவு உங்கள் கைக்குள் அடங்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்கலாம். அப்புறம் புதுச்சேரி. அங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி (கொசு போல நோயைப் பரப்பும் உயிரி) கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்குகிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறார்கள், பட்டம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடையது. கொசு, உண்ணி, கொசு பரப்பும் மலேரியா, யானைக்கால் நோய் எல்லாம் அங்கே பாடம். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நம் பகுதிகளில் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். அதனால் இரவில் வீடு வீடாகப் போய், விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் தேடுவார்கள். உங்கள் மகளுக்கு அலுக்காத வேலை இது.

பொதுச் சுகாதாரத் துறையில் பூச்சியியல் வல்லுநர் பணியிடங்கள் உண்டு, ஆனால் குறைவு. ஆய்வகங்கள், கொசு ஒழிப்பு மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள், முனைவர் பட்டம் ஆகிய வழிகளையும் மனதில் வையுங்கள். படித்து முடித்ததும் பெரிய சம்பளம் வரும் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் முறை நீட் எழுதுவதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். என்னிடம் அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நிலத்துக்கு முன்பணம் மட்டும் யாரிடமும் வாங்கிவிடாதீர்கள்.