சைக்கிள் சில்லுக்கு எந்தக் கம்பி? கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் சைக்கிள் திருத்துகிறேன், சில்லும் கட்டுகிறேன். கம்பி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதி "ஏன் உடையுது", மற்றப் பாதி "எதை வாங்கிறது". இரண்டும் ஒரே கதைதான்.

முரசுமோட்டையிலிருந்து ஒரு விவசாயி: அண்ணை, கரியரில் நெல்மூட்டை ஏற்றுறனான். பின் சில்லில் கம்பி உடைஞ்சுகொண்டே இருக்கு. 12 கேஜ் தடிச்ச கம்பி போட்டால் நிக்குமா?

போடாதேங்கோ தம்பி. முதலில் உடைந்த கம்பியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஹப்புக்குள், அதாவது சில்லின் நடுக் குடத்துக்குள், வளைந்து போகும் கழுத்தில்தான் முறிந்திருக்கும். பாரம் இழுத்து அறுந்ததென்றால் அந்த இடம் மெலிந்து நீண்டிருக்க வேண்டும். அப்படி இருக்காது, வெட்டினதுபோல் தட்டையாக இருக்கும். அது களைத்து முறிந்த கம்பி.

சில்லு உருளும்போது நிலத்தை நோக்கி வரும் கம்பிகளில் இழுவை குறையும், மேலே போனதும் திரும்ப ஏறும். 28 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 450 தரம் சுற்றும். அத்தனை தரமும் ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. நன்றாக இறுக்கிய கம்பி தளர்ந்தாலும் கொஞ்சம் இழுவையோடுதான் நிற்கும். லூசான கம்பி முழுக்கத் தளர்ந்து, கழுத்து ஹப் ஓட்டைக்குள் ஆடும். உடைப்பது அந்த ஆட்டம். நெல்மூட்டை அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான்.

கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 14 கேஜ் 2 மில்லிமீற்றர், 13 கேஜ் 2.3, 12 கேஜ் ஏறக்குறைய 2.6. சாதாரண ஹப்பின் ஓட்டை 2.5 அளவில்தான் இருக்கும். 12 கேஜ் போட ஹப்பையும் துளைக்க வேண்டும், கம்பி நுனியைப் பிடித்து இறுக்கும் சின்ன நட்டான நிப்பிளுக்காக ரிம்மையும் துளைக்க வேண்டும். கம்பியைப் பலமாக்கப் போய் மற்ற இரண்டையும் பழுதாக்குவோம். நானென்றால் அந்தச் சில்லை முழுதாகக் கழற்றி, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த புது 14 கேஜ் ஸ்டெயின்லெஸ் கம்பியால் திரும்பக் கட்டுவேன். ஹப் ஓட்டை இடம் கொடுத்தால் பின்னுக்கு மட்டும் 13. இரண்டு மூன்று உடைந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு. மிச்சக் கம்பிகளும் அதே தூரம் ஓடினவைதானே.

ஒட்டுசுட்டானிலிருந்து: அப்பாவின் பழைய றலி சைக்கிளுக்கு முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி. இப்போது கடையில் 36 ரிம்தான் தருகிறார்கள். மாற்றலாமா?

ரிம்மை மட்டும் மாற்ற முடியாது, ஹப்பிலும் அதே எண்ணிக்கை ஓட்டை வேண்டும். பாரம் பின்னுக்கு என்று தெரிந்து 32, 40 என்று பிரித்த பழைய ஆங்கிலேயக் கணக்கு அது. நல்ல கணக்கு. 40 ஓட்டை ரிம் தேடிக் கிடைத்தால் விடாதேங்கோ. கிடைக்காவிட்டால் ஹப்பும் சேர்த்து 36க்குப் போங்கள், ஒழுங்காகக் கட்டினால் அதுவும் போதும். 36க்கு ஒரு கம்பி மூன்று கம்பியைக் குறுக்கே வெட்டிப் போகும், 40க்கு நான்கு.

முல்லைத்தீவில் மீன் விற்கிறவர்: புதுக் கம்பி கொஞ்ச நாளிலேயே துருப்பிடிக்குது. கடற்காற்றா?

காற்றும்தான். ஆனால் உங்கள் சைக்கிளைச் சரித்து, மீன்பெட்டிக்குக் கீழே இருக்கும் கம்பிகளைப் பாருங்கள். ஐஸ் கரைந்த தண்ணி உப்போடு கரியர் வழியாகச் சொட்டி, கம்பியில் இறங்கி நிப்பிள் வாயில் தேங்கி நிற்கும். நாகப்பூச்சுக் கம்பி முதலில் அந்த இடத்தில் வெள்ளைப் பூவாகப் பூக்கும், பிறகு சிவக்கும். அப்போது நிப்பிள் திருப்பும் சாவி போட்டால் நிப்பிள் சுற்றாது, கம்பியே முறுகும்.

உங்களுக்கு ஸ்டெயின்லெஸ் கட்டாயம். நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும், மேலே நிக்கல் பூச்சு இருந்தால் நல்லது. அலுமினிய நிப்பிள் பாரம் குறைவு என்று யாராவது தந்தால் வாங்காதேங்கோ, உப்புத் தண்ணிக்கு அது ஆகாது. கட்டும்போது மரையில் ஒரு சொட்டு எண்ணெய். வியாபாரம் முடிந்து வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணி ஊற்றுங்கள், பெட்டிக்குக் கீழே ஒரு றப்பர் துண்டும் கட்டுங்கள்.

வவுனியா, ஏ.எல். படிக்கும் தம்பி: கனடாவில் இருக்கிற அண்ணா கியர் சைக்கிளுக்குக் கம்பி அனுப்புறாராம். நடுவில் மெல்லிய கம்பி பலமானது என்கிறார். உண்மையா? என்ன நீளம் சொல்ல?

அண்ணா சொல்வது சரி. இரண்டு அந்தமும் 2 மில்லிமீற்றர், நடு 1.8. அந்த மெல்லிய நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் குலுக்கல் கழுத்துக்கு அவ்வளவாகப் போகாது, நிப்பிளும் இலகுவில் தளராது. சப்பிம், டிடி சுவிஸ் என்ற இரண்டு கம்பிக் கம்பனிகளையும் நம்பலாம்.

நீளம்தான் எல்லாரும் சறுக்கும் இடம். கழுத்து வளைவின் உட்பக்கத்திலிருந்து மரை முடியும் நுனி வரை மில்லிமீற்றரில் அளக்க வேண்டும், தலையைச் சேர்க்கக்கூடாது. பின் சில்லில் செயின் பல்லு இருக்கும் பக்கக் கம்பி மற்றப் பக்கத்தைவிடக் குட்டையாக இருக்கும், இரண்டையும் தனித்தனியே அளவெடுங்கோ. நீண்டால் ரிம்மைத் தாண்டி ரியூப்பைக் குத்தும். குட்டையென்றால் நாலைந்து மரைதான் பிடிக்கும், நிப்பிள் தலை கழன்று வரும்.

பல்லுப் பக்கம் இறுக்கமாகவும் மற்றப் பக்கம் கொஞ்சம் இறுக்கம் குறைவாகவும் இருப்பது அந்தச் சில்லின் அமைப்பு. இரண்டையும் சமமாக்கப் போனால் ரிம் நடுவில் நிற்காது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு ரீச்சர்: புதிதாகக் கட்டிய சில்லு முதல் நாள் ஓடும்போது 'டிங் டிங்' என்று சத்தம் போட்டது. பிறகு நெளிந்துவிட்டது. கம்பி கூடாததா?

கம்பியில் பிழையில்லை ரீச்சர், கட்டினவர் அவசரப்பட்டிருக்கிறார். நிப்பிளைச் சுற்றும்போது கம்பியும் கொஞ்சம் முறுகும். அந்த முறுக்கு ஓடும்போது விடுபடுவதுதான் சத்தம். ஒவ்வொரு தரமும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி, அந்தக் கூடுதலை மட்டும் பின்னுக்கு விட்டால் முறுக்கு நிற்காது. அப்புறம் ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் பிடித்துப் பலமாக நெரிக்க வேண்டும். கை நோகும், ஆனால் கழுத்து ஹப்போடு ஒட்டிப் படிவது அப்போதுதான். அதே ஆளிடம் கொண்டுபோய் இதைச் செய்யச் சொல்லுங்கள், காசு கேட்டால் கொடுக்காதேங்கோ.

மாங்குளத்திலிருந்து ஒரு ஐயா: தொண்ணூறுகளில் எண்ணெய் இல்லாத காலம், வன்னி முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல், நோயாளி எல்லாம் ஏற்றினோம். அப்போது உடையாத கம்பி இப்போது ஏன் உடைகிறது?

அப்போதும் உடைந்தது ஐயா, உடனே திருத்தினோம். தளர்ந்த சில்லோடு ஓட யாருக்கும் துணிவில்லை, வழியில் நின்றால் ஆளில்லை. ஆனால் இன்றைக்கு மலிவுக் கம்பி சிலதில் கழுத்து ஒன்றுக்கொன்று வேறு வளைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். வாங்கும்போது பத்துக் கம்பியை மேசையில் அடுக்கிப் பாருங்கள், தலைகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 2022இல் பெற்றோல் இல்லாமல் எல்லாரும் திரும்பச் சைக்கிள் எடுத்தபோது பழைய சில்லுக் கம்பியைக் கழற்றிப் புதுச் சில்லுக்குப் போட்டவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதேங்கோ. எவ்வளவு ஓடிய கம்பி என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

பூநகரியிலிருந்து: வீட்டிலேயே நெளிவு எடுக்க என்ன வாங்க வேண்டும்?

நிப்பிள் சாவி ஒன்று போதும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பிறேக் கட்டையையே அளவாக எடுங்கள். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் பிறேக் இழுக்கும் பழைய சைக்கிளென்றால், சில்லைத் தாங்கும் கவையில் ஒரு சோக்கட்டியை ஊன்றிப் பிடித்து ரிம்மைச் சுற்றுங்கள், நெளிந்த இடத்தில் கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், இந்தப் பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். பல அளவு வெட்டிய வட்டச் சாவி மலிவாக வரும், அது நிப்பிளின் மூலையைத் தின்றுவிடும். உங்கள் நிப்பிள் ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், ஆடாமல் பிடிக்கும் சாவியாகப் பார்த்து வாங்குங்கள்.