மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

கேள்வி: போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறேன். 6 வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை, தினமும் ராத்திரி ஒன்று. ஆரம்பத்தில் சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளை அணு) எண்ணிக்கை 140 இருந்தது, இப்போது 610. ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்திதான் வந்துவிட்டதே, வடக்கே போகிற 4 மாதம் மட்டும் நிறுத்தலாமா? கூட இருப்பவர்கள் டப்பாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், திருச்செங்கோடு

பதில்: நிறுத்த வேண்டாங்க. 610 என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு ராத்திரி விடாமல் சாப்பிட்டால்தான் அப்படி ஏறும். ஆனால் மாத்திரை நேராக எதிர்ப்புச் சக்தியைத் தருவதில்லை. வைரஸ் பெருகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். சி.டி.4 அணுக்கள் சாவது குறைய, உடம்பு புதிதாக உண்டாக்குவது கையில் நிற்கிறது. டி.பி. போன்றவற்றை எதிர்க்கும் தெம்பு அப்படித்தான் திரும்பியது.

எச்.ஐ.வி. விஷயம் வேறு. அது புகுந்த அணுக்களை அடையாளம் கண்டு கொல்லும் வெள்ளை அணுக்கள் மாத்திரை சாப்பிடும் காலத்தில் குறைந்துபோகின்றன. ரத்தத்தில் வைரஸ் இல்லாதபோது அவற்றுக்கு வேலை ஏது? ஆக, மற்ற நோய்களுக்குத் தயாராக இருக்கும் உங்கள் உடம்பு, இந்த ஒன்றுக்குத் தயாராக இல்லை.

வைரஸும் போய்விடவில்லை. மஞ்சள் காட்டில் கோரை பிடுங்கியிருப்பீர்கள். மேலே சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். தூங்குகிற சி.டி.4 அணுக்களின் மரபணுவுக்குள் வைரஸ் அப்படித்தான் கிடக்கிறது. மாத்திரை அங்கே எட்டாது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் ரத்தத்தில் மறுபடி தலைகாட்டும்.

சி.டி.4 ஏறியதும் நிறுத்தி, இறங்கியதும் தொடங்கலாமா என்று 33 நாடுகளில் சுமார் 5,500 பேரிடம் சோதித்தார்கள். 2006-லேயே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களிடம் சாவும் அதிகம், இதயம், கிட்னி, ஈரல் கோளாறும் அதிகம். என்னிடம் வந்த ஒரு ஜமக்காள நெசவாளியும் தெம்பு வந்துவிட்டதென்று நிறுத்தினார். 11 மாதம் கழித்து டி.பி.யோடு வந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அன்றைக்கு அவர் மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

வண்டி கிளம்புவதற்கு முன், எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் பயணத்தைச் சொல்லுங்கள். உங்களைப் போல நிலையாக இருப்பவர்களுக்கு 3 மாத மாத்திரையை ஒன்றாகத் தரும் ஏற்பாடு உண்டு. மீதி மாதத்துக்கு நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்துச் சென்டரில் வாங்க முடியுமா என்றும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டப்பா விஷயம் சுலபம். மாத்திரையை வேறு டப்பாவில் கொட்டாதீர்கள், லேபிளை மட்டும் உரித்துவிடுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் அப்படியே கிடக்கட்டும்.