காலையில் கிளம்ப மறுக்கும் பழைய பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (குன்னூர் வாசகர்): என் தந்தை 1996இல் வாங்கிய புல்லட் 350 வண்டியை இப்போது நான் ஓட்டி வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் காலை 6 மணிக்கு இருபது, இருபத்தைந்து முறை உதைத்த பிறகே அது உயிர் பெறுகிறது. ஒருமுறை சூடாகிவிட்டால் அன்று முழுவதும் ஒரே உதையில் கிளம்புகிறது. பட்டறையில் தீப்பொறிக்கான பிளக், காயில், கண்டன்சர் மூன்றையும் மாற்றினார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்பரேட்டரையும் கழுவிக் கொடுத்தார்கள். சோக் போட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கித்தான் உதைக்கிறேன். அடுத்து எதை மாற்ற வேண்டும்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நாளைக் காலை பிளக் ஸ்பேனரையும் ஒரு பழைய துணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோக் போட்டு ஐந்தாறு உதை மட்டும் உதையுங்கள். வண்டி பற்றாவிட்டால் உடனே பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் போகவில்லை. ஈரமாகப் பெட்ரோல் வாடையுடன் இருந்தால், பெட்ரோல் போதுமான அளவுக்கோ அதற்கு மேலேயோ வந்திருக்கிறது; தீப்பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பாகங்களை வரிசையாக மாற்றுவது நாடி பிடித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. உங்கள் பணம் அப்படித்தான் போயிருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. சூடான எஞ்சின் ஒரே உதையில் கிளம்புகிறது என்பதால் தீப்பொறி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்க வேண்டும். இரண்டாவது தடயம், சோக் போட்ட பிறகு ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பது. என் கணிப்பில் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். காலைக் குளிரில் கார்பரேட்டர் தெளிக்கும் பெட்ரோலில் ஒரு பகுதி, சில்லிட்டிருக்கும் உள்வழிக் குழாயின் சுவரிலேயே படிந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதே சோக்கின் வேலை. உங்கள் வண்டியிலுள்ள மிக்கார்ப் வகைக் கார்பரேட்டரில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது; சோக் லீவரை இயக்கினால் ஒரு சிறிய பிளஞ்சர் மேலெழுந்து, பெட்ரோல் வருவதற்கென்றே உள்ள தனிப் பாதையைத் திறக்கிறது. ஆக்ஸிலேட்டர் முழுவதும் மூடியிருக்கும்போது காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடுக்குப் பின்னால் உண்டாகும் உறிஞ்சும் விசைதான் அந்தப் பாதை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. கைப்பிடியை முறுக்கினால் ஸ்லைடு உயர்ந்து உறிஞ்சும் விசை குறைகிறது. சோக் போட்டும் போடாததைப் போல் ஆகிவிடுகிறது. ஆகவே சோக் போட்ட பிறகு கைப்பிடியைத் தொடவே வேண்டாம்.

உதைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தில் அந்த அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி இன்னும் சற்று அழுத்துங்கள். தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட் மூடியிருக்கும்வரை மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில் லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழு உதையாக உதையுங்கள். இருபது அவசர உதைகளைவிட இப்படிப்பட்ட இரண்டு உதைகள் மேலானவை.

இப்படிச் செய்தும் பிளக் காய்ந்தே இருந்தால், கழுவப்பட்டதாகச் சொல்லப்படும் கார்பரேட்டரை மறுபடியும் திறக்க வேண்டும். கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் ஒரு மூலையில் குறுகிய தனிக் குழி ஒன்று இருக்கும். கார்பரேட்டரின் உடலிலிருந்து இறங்கும் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் அதற்குள் முங்கி நிற்கும். அந்தக் குழிக்குப் பெட்ரோல் வரும் துளை மிகச் சிறியது. கிண்ணத்தை வெளியிலும் உள்ளேயும் பளபளவென்று கழுவுகிறவர்கள்கூட அந்தத் துளையைக் கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. அது அடைபட்டிருந்தால் சோக் இருந்தும் பயனில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் சுத்தமான வட்டமாக ஒளி தெரிய வேண்டும். வட்டம் பிறைபோலத் தெரிந்தால் உள்ளே பிசின் படிந்திருக்கிறது. கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தவே கூடாது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அந்த ஜெட்டுக்கான காற்றின் அளவைத் திருத்தும் ஏர் ஸ்குரூவையும் சோதியுங்கள். மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே வந்த நிலையில் ஸ்லோ ஸ்பீடு (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சீராக இருப்பதே வழக்கம். ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால்தான் ஸ்லோ ஸ்பீடு சீராகிறது என்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைபட்டிருக்கிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடும் அமைப்பு உங்கள் ஊரில் பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். பிளக் முனை கரிப்பொடி பூசியதுபோல் கறுத்திருந்தால், சோக்கை அரை நிமிடத்துக்குள் எடுத்துவிடப் பழகுங்கள். மீறினால் பிளக் நனைந்து, வேறொரு தொல்லை தொடங்கும்.

வால்வின் இடைவெளியை அமைக்கும் டேப்பட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பிகளான புஷ்ராடுகள் விரலால் திருப்பினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

கேள்வி (ஒட்டன்சத்திரம் வாசகர்): என்னிடம் 2004ஆம் ஆண்டு ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்கு மட்டும் எடுப்பேன். ஒவ்வொரு முறையும் கிளப்புவதே பெரும்பாடாக இருக்கிறது. தினமும் எடுத்தால் தொல்லை இல்லை.

பதில்: உங்கள் வண்டியில் கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; ஃப்ளோட் கிண்ணத்தில் தங்கிப்போன பெட்ரோல்தான் காரணம். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. எளிதில் ஆவியாகி முதல் உதைக்கு உதவும் பகுதிதான் முதலில் பறந்துபோகிறது. கிண்ணத்தில் எஞ்சுவது சோம்பேறிப் பெட்ரோல். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால், ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே வாரக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு இது கூடுதல் சிரமம்.

சந்தையிலிருந்து திரும்பி வீட்டை நெருங்கும்போதே பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணம் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அடுத்த வாரம் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பொறுத்தால் கிண்ணத்தில் புதுப் பெட்ரோல் நிறைந்திருக்கும். மூட மறந்திருந்தால், கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். அடியில் முத்துமுத்தாகத் தண்ணீர் உருண்டு நின்றால் டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். புல்லட் வாசகருக்குச் சொன்ன கைப்பிடி விதி உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வண்டியின் சோக், காற்றை அடைக்கும் தகடு வகையைச் சேர்ந்தது; ஆக்ஸிலேட்டரைச் சிறிதளவு திறந்து உதைப்பதில் தவறில்லை.

கேள்வி (திருச்சி வாசகர்): ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். காலையில் எப்போது கழற்றினாலும் பிளக் நனைந்தே இருக்கிறது. வெளியே வைத்து உதைத்தால் தீப்பொறி வருகிறது. இரவில் டேப்பை மூடும் பழக்கம் இல்லை.

பதில்: கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசியின் முனை தேய்ந்திருந்தால் பெட்ரோல் இரவு முழுவதும் துளித்துளியாகக் கசிந்து, டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் நேரே எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் போய்த் தேங்கிவிடும். டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து பத்துப் பன்னிரண்டு முறை உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் புகையாகச் சீறும் என்பதால் அந்த நேரத்தில் சாவியைப் போட வேண்டாம்; அருகில் நெருப்பும் கூடாது. காய்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் கிளப்புங்கள். ஒரு வாரம் இரவில் டேப்பை மூடிப் பாருங்கள். காலையில் பிளக் காய்ந்திருந்தால் ஃப்ளோட் ஊசியை மாற்றினால் போதும். அதன் பிறகும் நனைந்தால் தீப்பொறியின் வலிமையைப் பார்க்க வேண்டும். திறந்த காற்றில் தாவும் மெலிந்த மஞ்சள் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியவுடன் தாவாமல் போய்விடும். பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். பொறி நீல நிறத்தில் சடசடவென்ற ஓசையுடன் வர வேண்டும்.