மொய் நோட்டில் தேடுகிற விஷயமா இது?

கேள்வி: வயது 34, சென்னையில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பாவின் சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை, நேற்று இரவு தவறிவிட்டார். மகன் துபாயிலிருந்து வர வேண்டும் என்பதால் நாளை மறுநாள்தான் எடுக்கிறார்களாம். அவரோடு நான் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன், என் கல்யாணத்துக்கு 500, தங்கை கல்யாணத்துக்கு 500 எழுதியிருக்கிறார். அவர் மகள் கல்யாணத்தில் அம்மா அதைத் திருப்பிச் செய்துவிட்டார். அப்பா போன பிறகு அந்தப் பக்கம் போக்குவரத்தே இல்லை. அம்மா ‘உன் இஷ்டம்’ என்கிறார். தெரியாத ஒருவரின் சாவுக்கு அவ்வளவு தூரம் போய்த்தான் ஆக வேண்டுமா? போய் என்ன பேசுவது?

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மனைவியின் பெரியம்மா, ஆபீஸில் பக்கத்து சீட்காரரின் அப்பா, கீழ்வீட்டுத் தாத்தா என்று ஆள் மட்டும் மாறி இதே கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. தூரம், லீவு, பழக்கமில்லை என்று எல்லோரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கே வருகிறேன்.

ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று போன் வருகிறது. வயதென்ன, உடம்புக்கு என்ன, சித்தி எப்படி இருக்கிறார் என்று ஒரு கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து, வந்ததும் போனதும் நேராகிவிட்டது என்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். பாக்கி இருந்திருந்தால் போயிருப்பீர்களா? ஜிபேயில் ஆயிரம் ரூபாய் தட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருப்பீர்களா?

அந்த வரியையே இன்னொரு தடவை பாருங்கள். தெரியாத மனிதர் என்கிறீர்கள், ஆனால் உங்கள் கல்யாணத்துக்கும் வந்திருக்கிறார், தங்கை கல்யாணத்துக்கும் வந்திருக்கிறார். பஸ் பிடித்து வந்து, மொய் எழுதுகிற மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்று, ஊர் பேரும் அப்பா பேரும் சொல்லி எழுதவைத்து, மேடையேறி உங்கள் பக்கத்தில் ஒரு போட்டோவுக்கு நின்றிருப்பார். ஆல்பத்தைப் புரட்டுங்கள், இருப்பார். உங்களுக்குத்தான் அவரைத் தெரியாது, அவருக்கு உங்களை நன்றாகவே தெரியும், அண்ணன் மகன் என்று தெரியும், அது போதும் என்றுதான் அவர் வந்தார்.

அப்புறம், அந்த நோட்டில் இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் அப்பா இறந்த அன்று யார் யார் வந்தார்கள்? கருமாதிக்கு மொய் எழுதுகிற ஊர்கள் உண்டு, அதை விடுங்கள். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது யார், சுடுகாட்டுக்கு முன்னாலேயே போய் ஏற்பாடு பார்த்தது யார், நீங்கள் கொள்ளிக்குடத்தோடு சுற்றி வரும்போது பக்கத்திலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டது யார்? அன்று உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அது தப்பில்லை. அம்மாவுக்குத் தெரியும். போய்க் கேளுங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை, வராதவர் என்ன காரணம் சொன்னார் என்பது வரை அவர் சொல்வார். ‘உன் இஷ்டம்’ என்று அவர் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தீர்கள் பாருங்கள், எனக்கு அதில்தான் கோபம்.

உங்களுடையது பங்காளி உறவு, அதையும் மறந்துவிட்டீர்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும், ஆனாலும் மாமன் மச்சான்மார் கோடித் துணி கொண்டு வந்து போட்டுவிட்டு ஒதுங்கி உட்காரலாம், பங்காளி அப்படி உட்கார முடியாது. பிள்ளையோடு நீர்மாலைக்கு, அதாவது உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரப் போகவும், தூக்கும்போது தோள் கொடுக்கவும் பங்காளி வீட்டு ஆண்கள் வேண்டும். துபாயிலிருந்து ஓடிவருகிற அந்தப் பையனும் உங்களைப் போலத்தான், ஊரில் யாரோடும் பழக்கம் விட்டுப்போய் வந்து இறங்கப் போகிறான், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பான். அவனுக்கு நீங்கள் அண்ணனோ தம்பியோ ஆக வேண்டும்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைப்பார்கள், சாவுக்கு அழைப்பு கிடையாது, தகவல்தான் வரும். உங்களுக்குத் தகவல் வந்தது, ஒருவர் உங்களை நினைத்து நம்பர் தேடிக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாச் சாவுக்கும் விழுந்தடித்து ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனைவிக்குப் பிரசவ நேரம் என்றால் போக வேண்டாம், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டாம், அந்த மனிதர் உங்கள் வீட்டுக்குக் கெடுதல் செய்தவர் என்றால் நானே போகாதீர்கள் என்பேன். உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை.

என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் பேச வேண்டாம். வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே நிற்கிற ஆண்களிடம் இரண்டு கையையும் நீட்டுங்கள், அவர்கள் தொடுவார்கள். உள்ளே போய் மாலையைப் போட்டுவிட்டு, இன்னார் மகன் என்று சித்தியிடம் சொல்லுங்கள். உங்கள் அப்பா பெயரைச் சொல்லி அவர் ஒரு பாட்டம் அழுவார், அப்போது நகர்ந்துவிடாமல் நில்லுங்கள். ‘எப்படி ஆச்சு’ என்று கேட்காதீர்கள், காலையிலிருந்து அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ. அப்புறம் வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருங்கள், போனைப் பையிலேயே வையுங்கள், யாராவது வேலை சொன்னால் எழுந்து செய்யுங்கள். சுடுகாடு வரை போங்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும்.

இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது எடுத்து முடித்திருப்பார்கள். எனக்கு எழுதிய நேரத்தில் கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறியிருக்கலாம், மகனுக்காக உடலை வைத்திருந்ததால் அவகாசமும் இருந்தது. போயிருந்தால் சரி. போகவில்லை என்றால் பதினாறாம் நாள் காரியம் இன்னும் பாக்கி இருக்கிறது. என்றைக்கு வைத்திருக்கிறார்கள் என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டாம், சித்திக்கே போன் செய்து, அன்றைக்கு வர முடியாமல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேளுங்கள், காரணத்தை நீட்டாதீர்கள். முந்தின நாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகிற நேரத்துக்குக் கோவில்பட்டியில் இறங்கலாம். இரண்டு டிக்கெட் போடுங்கள், அம்மாவுக்குக் கீழ் பெர்த்.