அப்பாவின் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: அப்பா ராணுவத்தில் ஓய்வு பெற்ற பிறகு, சொந்தத் துப்பாக்கியோடு ஒரு வங்கியில் காவலராக வேலை பார்த்தார். எட்டு மாதம் முன்பு இறந்துவிட்டார். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியும் சில தோட்டாக்களும் எங்கள் அயனாவரம் வீட்டு பீரோவில் இருக்கின்றன. லைசென்ஸுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததால், "அது வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறான் தம்பி. அம்மாவுக்கும் கொடுக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: லைசென்ஸ் துப்பாக்கிக்குக் கொடுக்கப்படுவதில்லை அம்மா, ஆளுக்குக் கொடுக்கப்படுவது. புத்தகத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும் சரி, அப்பாவோடு அது முடிந்துவிட்டது. இப்போது உங்கள் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். 1959 ஆயுதச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்கான தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். பயமுறுத்தச் சொல்லவில்லை. எட்டு மாதம் ஒன்பதாக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டத்தின் 21-வது பிரிவு உங்களுக்கு நல்ல வழி வைத்திருக்கிறது. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஆனால் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். இறப்புச் சான்றிதழ் நகல், லைசென்ஸ் புத்தகம், தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லும் ஒரு கடிதம் மூன்றையும் தயாராக வையுங்கள். துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் குறித்த ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். தேர்தல் நேரத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் பலர் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்களே, அதே மாதிரிதான்.

ஒப்படைத்துவிட்டால் பொருள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சட்டப்படியான வாரிசு தன் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்கலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். இதற்குக் கால வரம்பு உண்டு. அதைத் தவறவிட்டால் அரசுக்குப் போய்விடும். ஒப்படைக்கும்போதே கடைசித் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 21 வயது முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். சென்னையில் உரிமம் தருபவர் மாநகரக் காவல் ஆணையர். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், போலீஸ் விசாரணை, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி எல்லாம் உண்டு. வாரிசு என்பதாலேயே கிடைத்துவிடாது.

ஆனால் தம்பியின் காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை. திருடன் பெரும்பாலும் நீங்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கும்போதுதான் வருவான். அப்போது பீரோவில் இருக்கும் துப்பாக்கி அவன் கைக்குத்தான் போகும். ஆள் இருக்கும்போது வந்தாலும், பூட்டி வைத்த துப்பாக்கியையும் தனியாக வைத்த தோட்டாவையும் இருட்டில் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். துப்பாக்கிக்குச் செலவழிக்கும் பணத்துக்கு நல்ல கதவும் பூட்டும் கேமராவும் போடச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் அவசரப்படுத்தாமல் பேசுங்கள். அப்பாவின் பதக்கங்கள், சீருடை, அந்தத் துப்பாக்கியோடு அவர் நிற்கும் படம் ஏதாவது இருந்தால், அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.