கொடுத்தவரை ஏன் தேடுகிறீர்கள்?

*லண்டனில் இருக்கும் என் அண்ணாவுக்குப் போன வருடம் முன்பின் தெரியாத ஒருவர் சிறுநீரகம் கொடுத்தார். பெயர் கேட்டால் ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள் இல்லை. "அந்தப் பிள்ளைக்கு என்ர சங்கிலியை அனுப்பவேணும்" என்று அம்மா அழுகிறா. எந்த ஆட்கள், என்ன சமயம் என்றாவது அறிய வேண்டாமா? உயிர் தந்தவரை மறைப்பது அநியாயம் இல்லையா?*

*ச., கோப்பாய்*

அன்பின் ச.,

"எந்த ஆட்கள்" என்ற கேள்வியை இதோடு விடுங்கள். யாழ்ப்பாணத்தில் அது எதைத் துருவுகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டா அண்ணாவின் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்றது? வெட்கமாக இருக்கிறது.

முழுக்க மறைக்கிறார்கள் என்பதும் சரியில்லை. அறியாத ஒருவருக்குக் கொடுக்கப் பிரித்தானியச் சட்டம் 2006 முதல் இடம் தருகிறது. சத்திரசிகிச்சை முடியும்வரை பெயர் சொல்லமாட்டார்கள். பிறகு இருவரும் சம்மதித்தால் சந்திக்கலாம். நெதர்லாந்திலும் சுவீடனிலும் இருவரும் விரும்பினாலும் விடுவதில்லை. எனக்குப் பிரித்தானிய முறையே நியாயமாகப் படுகிறது.

என்னைப் பல காலமாக அரிப்பது பெயர் தெரிந்த கொடைதான். எங்கள் பெரியம்மா தன் தம்பிக்கு மனதாரக் கொடுத்தா. வருடங்கள் கழித்துக் காணி பிரித்தார்கள். கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் என்று கதை நீண்டபோது மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. சீலைத் தலைப்பை ஒதுக்கி, தழும்பு இருந்த விலாவை மெல்லத் தடவினா. மாமா காணி உறுதியை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போனார். பெரியம்மா கெட்ட மனுசி இல்லை; மாமாவும் நன்றி கெட்டவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எதற்கும் 'மாட்டேன்' என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

1954இல் பொஸ்ரனில், முதன்முதல் வெற்றிகண்ட சிறுநீரக மாற்று இரட்டைச் சகோதரர்களுக்கு இடையில் நடந்தது. முதல்நாள் இரவு நோயாளி, "வீட்டுக்குப் போ" என்று சகோதரனுக்குத் துண்டு எழுதி அனுப்பினாராம். மற்றவர் போகவில்லை. சாகக் கிடந்தவனுக்கே வாங்க மனம் கூசியிருக்கிறது, பாருங்கள். உங்கள் அண்ணாவுக்கு அந்தப் பாரம் இல்லாமல் ஒருவர் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதைத் தேடிப்பிடித்து அவர் தலையில் ஏற்றப் பார்க்கிறீர்கள்!

அம்மாவின் மனம் எனக்கு விளங்குகிறது. அதற்காகச் சங்கிலி வேண்டாம். விலை பேசாமல் கொடுத்தவரிடம் பவுன் கொண்டுபோகக் கூடாது. அம்மா தன் கையால் கடிதம் எழுதட்டும். பெயரும் ஊரும் போடாமல், அண்ணா இப்போது என்ன சாப்பிடுகிறார், எப்படி வேலைக்குப் போகிறார் என்று எழுதட்டும். அண்ணா அதை மொழிபெயர்த்து ஆஸ்பத்திரி இணைப்பாளரிடம் கொடுத்தால் சேர்ப்பிப்பார்கள். பதில் வராவிட்டால் இரண்டாம் கடிதம் போட்டுக் கரைச்சல் கொடுக்காதீர்கள்.